மகளின் கரப்பானோடு நாலரை வருஷம்: வீட்டு வைத்தியத்தில் எது கை கொடுத்தது?

என் மகளுக்கு ஒன்றரை வயதில் கன்னத்தில் சொரசொரப்பாக ஆரம்பித்தது. வியர்க்குரு என்று விட்டுவிட்டோம். இரண்டு வயதுக்குள் முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, மணிக்கட்டு என்று பரவிவிட்டது. ராத்திரி தூக்கத்திலேயே சொறிவாள். காலையில் பார்த்தால் தலையணை உறையில் கடுகு அளவில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். வீட்டில் கரப்பான் என்றார்கள், டாக்டர் எக்ஸிமா என்றார். இப்போது அவளுக்கு ஆறு வயது. ஈரோட்டில் எங்கள் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தோம் என்பதை, இதே மாதிரி பிள்ளையை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குப்பைமேனி இலையோடு மஞ்சளும் கல்லுப்பும் வைத்து அரைத்துப் பூசினோம். “நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் இதைத்தான் போட்டோம், ஒண்ணும் ஆகாது கண்ணு” என்று அத்தை அன்போடுதான் சொன்னார். ஆனால் மகளின் மடிப்புகளில் தோல் ஏற்கெனவே கீறிப் பிளந்திருந்தது. உப்பு பட்டதும் வீறிட்டு அழுதாள். ஓடிப்போய்க் கழுவினேன். மறுநாள் அந்த இடம் சிவந்து நீர் கோத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஆறு மாதம் யார் கையில் எதை எடுத்து வந்தாலும் கையை மடக்கிக்கொண்டு விலகிப் போவாள். பச்சிலை நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. பிளந்த தோலில் உப்பு, எலுமிச்சை, பூண்டு எதுவும் படக்கூடாது.

அடுத்தது பத்தியம். கத்தரிக்காய், சோளம், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம் என்று நிறுத்தினோம். போதாததற்கு நானாகவே முட்டையையும் பாலையும் நிறுத்தினேன். நாலு மாதத்தில் பிள்ளை எடை குறைந்ததுதான் மிச்சம், அரிப்பு குறையவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம், எதிலும் மாற்றமில்லை. சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கும். அதை டாக்டரிடம் கேட்டுத்தான் பார்க்க வேண்டும், வளரும் பிள்ளைக்கு நாமாகப் பத்தியம் போடக்கூடாது.

நலங்குமாவு தேய்த்ததில் தோல் இன்னும் வறண்டது. சில வீடுகளில் அதில் கார்போகரிசியும் சேர்ப்பார்கள். அந்த விதையிலுள்ள சோராலென் என்ற வேதிப்பொருள் பட்ட தோல் வெயிலில் சிவந்து கொப்பளிக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் குளித்தால் அன்றைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் கை கொடுத்தது தேங்காய் எண்ணெய். அதுவும் முதல் வருஷம் பலிக்கவில்லை. காரணம், காய்ந்த தோலில், ஸ்கூலுக்குக் கிளப்பும் அவசரத்தில் தடவிக்கொண்டிருந்தேன். எக்ஸிமா உள்ள பலருக்குத் தோலின் மேலடுக்கைக் கெட்டிப்படுத்தும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு என்று 2006ல் கண்டுபிடித்தார்கள். பூச்சு உதிர்ந்த சுவர் மாதிரி ஈரம் வெளியே போய்விடும். அந்த ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் எண்ணெயின் வேலை. உள்ளே ஈரமே இல்லாதபோது எண்ணெய் எதைப் பிடித்து வைக்கும்?

இது புரிந்த பிறகு குளியலையே மாற்றினேன். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. சோப்பு அக்குளுக்கும் காலுக்கும் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பு ஈரம் காயுமுன் குளியலறையிலேயே எண்ணெய். மூன்றாவது வாரம் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்தேன். மரப்பட்டை மாதிரி இருந்த இடம் மெத்தென்று இருந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

நாங்கள் வாங்குவது தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் பார்த்து 2014ல் வெளியிட்ட ஆய்வில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலைவிட, பச்சைத் தேங்காயிலிருந்து எடுக்கும் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த சித்தி ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். அது தோலின் காப்பை இன்னும் பலவீனமாக்குகிறது என்று 2013ல் இங்கிலாந்தில் ஆய்வு வந்திருக்கிறது. அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டோம்.

ஓட்ஸும் நல்ல துணை. சர்க்கரை, மசாலா சேர்க்காத ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி வெளுக்க வேண்டும், அடியில் மணல் மாதிரி நின்றால் இன்னும் அரைக்கணும். அரிப்பு தாங்காத நாளில் குளிக்கும் தண்ணீரில் அந்த மாவைக் கலந்து அதில் உட்கார வைப்பேன். கொஞ்ச நேரத்தில் சொறிவதை மறந்து விளையாட ஆரம்பித்துவிடுவாள். தரை பயங்கரமாக வழுக்கும், பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் மார்கழி, தை மாதங்களில் கிளம்பத்தான் செய்யும். அந்த நாட்களில் எண்ணெய் போதாது, பெட்ரோலியம் ஜெல்லிதான். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு. ஸ்டீராய்டு என்ற பேருக்குப் பயந்து ஒரு வருஷம் டியூபைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். அந்த வருஷம் அவள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. பெரியவர் விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும் என்று அளவு சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்ன நாள் கணக்கோடு நிறுத்திவிடுவோம். மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் களிம்பு வேறு. வந்திருப்பது படர்தாமரையாக இருந்து ஸ்டீராய்டு போட்டால் இன்னும் பரவும்.

ஒருமுறை புண் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி, காய்ச்சலும் வந்தது. கிருமித் தொற்று. அன்றைக்கு எந்த எண்ணெயையும் தொடவில்லை, நேரே டாக்டரிடம்தான் போனோம்.

இப்போது குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது. குளித்து முடித்ததும் அவளே முழங்கையில் தடவிக்கொண்டு, “அப்பத்தா, முதுகுக்கு வா” என்று கூப்பிடுகிறாள். அத்தை உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு போகிறார்.