சின்னவளின் காய்ச்சலுக்குத் திருகோணமலையில் கிடைத்த பதில்

மகளுக்கு இப்போது இரண்டரை வயது. போன வருடம் மார்ச் மாதத்திலிருந்து அவளுக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. நாலைந்து நாள் உடம்பு கொதிக்கும், சாப்பாடு இறங்காது. பிறகு ஒன்றுமே நடவாதது போல எழும்பி ஓடித் திரிவாள். ஸ்காபரோவில் எங்கள் குடும்ப வைத்தியரிடம் அவசரத்துக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் பகலென்றால் வோக்-இன் கிளினிக், இரவென்றால் எமர்ஜென்சி. ஒவ்வொரு முறையும் வேறொரு டொக்டர். எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள், எல்லோரும் சொன்னதும் ஒன்றுதான்: டேகேருக்குப் போகிற பிள்ளை, வைரஸ் காய்ச்சல் வந்து போகும். மூன்று தடவை அன்ரிபயோட்டிக் தந்தார்கள். அது குடித்தாலும் ஐந்தாம் நாள்தான் காய்ச்சல் விட்டது, குடிக்காவிட்டாலும் ஐந்தாம் நாள்தான் விட்டது.

இந்த நிலையில்தான் ஜூலை மாதம் ஐந்து வாரத்துக்குத் திருகோணமலைக்குப் போனோம். அம்மா வீடு உவர்மலையில். சிறு பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூலை 10 இல் போய் இறங்கினோம். 13 ஆம் திகதி மாலை சின்னவள் சோர்ந்து படுத்தாள். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 39.5. அம்மா கேட்டது, "அது எத்தனை, நூற்றிமூன்றா?" ஊரில் காய்ச்சலை இன்னும் பாரனைட்டில்தான் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரி அட்டையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 39.4 என்றால் 103. இதை முதலே மனதில் பதித்துக்கொண்டு போவது நல்லது. பதறுகிற நேரத்தில் கணக்கு வராது.

கனடாவில் டைலனோல் (பரசிட்டமோல்) கேட்காவிட்டால் அட்வில் (ஐபுபுரோபன்) கொடுப்போம். கொண்டுபோன அட்வில் போத்தல் பெட்டிக்குள் உடைந்து ஊற்றுண்டு கிடந்தது. தம்பி என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாமசிக்குப் போனான். ஐபுபுரோபன் சிரப் என்று நான் கேட்டதும் பாமசியில் வேலை செய்கிற தம்பி போத்தலை எடுக்கவில்லை. "அக்கா, டெங்கு இல்லையென்று தெரியும்வரைக்கும் இது கொடுக்கக் கூடாது. டெங்குவென்றால் ரத்தம் கசியிறதைக் கூட்டிவிடும்" என்றார். எனக்கு அது தெரியாது. என் பெட்டியில் அந்தப் போத்தல் உடையாமல் இருந்திருந்தால் அன்றிரவே கொடுத்திருப்பேன்.

அவர் பனடோல் சிரப்பை, அதுவும் பரசிட்டமோல்தான், எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையின் நிறையைக் கேட்டார். 12 கிலோ. அப்புறம்தான் இன்னொன்றைக் காட்டினார். ஊர்ச் சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து. நான் கனடாவிலிருந்து கொண்டுபோன சிறுவர் டைலனோலில் அதே 5 மில்லிலீற்றருக்கு 160. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் என் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 180 வேண்டும். ஊர்ச் சிரப் என்றால் ஏழரை மில்லி, கனடாப் போத்தல் என்றால் ஐந்தரைக்குக் கொஞ்சம் கூட. இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றின் அளவில் மற்றதை ஊற்றினால் மருந்து கூடும் அல்லது குறையும். அந்தத் தம்பி ஒரு துண்டில் இரண்டு அளவையும் எழுதித் தந்தார். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் நகரில் ஒரு தனியார் இடத்தில் சனல் பண்ணி, அதாவது டொக்டரைப் பார்க்க முன்பதிவு செய்து, போனோம். எங்களுக்கு 34 ஆம் நம்பர், மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். உள்ளே மூன்று நிமிடம். காதைப் பார்க்கவில்லை, வயிற்றைத் தொடவில்லை, நாலாவது அன்ரிபயோட்டிக் எழுதப்பட்டது. இப்படி முன்பும் வந்திருக்கிறது என்று நான் தொடங்கியபோது அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். காசுக்காகச் சொல்லவில்லை. பதினாறு மாதமாக ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன், அங்கேயும் அது கிடைக்கவில்லை. அந்த மருந்தை நான் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் விடிய அம்மா பிடிவாதமாகச் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்." போனோம். மூன்று நாள் காய்ச்சல் என்றதும் அன்றே சிறுவர் வாட்டில் அட்மிட் பண்ணி மறித்தார்கள். டெங்கு பரவிய ஊர்களில் மூன்றாம் நாள் என்பது சாதாரண நாளல்ல. வாட்டில் உதவிக்கு நின்ற ஊழியர் அம்மா ஒருவர் கிண்ணியாக்காரர். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது வீட்டுக்கு வீடு ஆள் படுத்த கதையைச் சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டித் தந்தார். என்னைக் கூப்பிட்டதெல்லாம் "மகள்" என்றுதான்.

வாட்டில் என் கையில் முதலில் தந்தது ஒரு தாள். பிள்ளை எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எவ்வளவு சலம் போனது, எல்லாம் மில்லிலீற்றரில் தாய்தான் எழுத வேண்டும். இளநீர் 60, கொத்தமல்லித் தண்ணி 40, சத்தி 1. பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதூர்ப் பிள்ளையின் தாய்க்கு எழுத்து வராது. மிஸ்ஸி (தாதி) வந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் நேரத்தைப் பிடிப்பதற்குத்தான் இவ்வளவும். அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, இந்தக் காய்ச்சலில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்ற தெம்பு வந்தது.

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு அன்ரிஜன் இல்லை. மலேரியாவுக்கும் பார்த்தார்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று கொடுத்துவிட்டது, ஆனாலும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களிடம் வேறு எந்த நாட்டில் நின்றீர்கள் என்று கேட்கிறார்கள். டோகாவில் விமானம் மாறியது மட்டும்தான். எலிக்காய்ச்சலுக்காக வெள்ளத்தில், வயலில் விளையாடினாளா என்று கேட்டார்கள். தைபசுக்காக உண்ணி கடித்த கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று காதுக்குப் பின்னாலும் கமக்கட்டுக்குள்ளும் தேடினார்கள்.

சலம் எடுத்தது தனிக் கதை. சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால் சலக்கிருமியைப் பார்க்காமல் விடக் கூடாதாம். ஒட்டுப் பையில் பிடித்தால் தோலில் இருக்கிற கிருமியும் கலந்துவிடும், அதனால் நேரே போத்தலில் பிடிக்க வேண்டும் என்றார் மிஸ்ஸி. கழுவித் துடைத்து, குளியலறையில் பைப்பை மெல்லத் திறந்துவிட்டு, கிருமி நீக்கிய போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். நாற்பது நிமிடம். கால் விறைத்துவிட்டது. அவள் பைப் தண்ணீரில் விரலை வைத்து விளையாடுகிறாள். கடைசியில் போனது, பாதி என் கையில், பாதி போத்தலில். கல்ச்சர் முடிவு வர இரண்டு நாளுக்கு மேல். கிருமி இல்லை.

சிறுவர் நிபுணர் சிங்களவர். என்னோடு ஆங்கிலத்திலும் அம்மாவோடு சின்னச் சின்னத் தமிழ் வசனங்களிலும் பேசினார். இரண்டாம் நாள் ரத்த முடிவை எங்களுக்கும் காட்டினார். வெள்ளணுக்கள் 17,000. உடம்பில் அழற்சி எவ்வளவென்று காட்டும் சீ.ஆர்.பீ. 96. டெங்குவென்றால் வெள்ளணு இறங்க வேண்டும், இங்கே ஏறியிருக்கிறது என்றார். தொண்டையைப் பார்த்தார், டொன்சிலில் வெள்ளைப் படை. கீழுதட்டின் உள்ளே இரண்டு சின்னப் புண். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பிறகு கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு கேட்டார், "இதற்கு முதல் எப்போது?"

நான் என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "திகதிகள் வேண்டும்" என்றார்.

என்னிடம் திகதி இல்லை. ஃபோனில் தேடினேன். நெற்றியில் துணி போட்ட படம் நாலைந்து இருந்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொரு கோப்பு, எதுவும் என் கையில் இல்லை. அப்போதுதான் அம்மா சொன்னார்: "திகதியோ பிள்ளை? அது நான் வச்சிருக்கிறன்."

பின்னேரம் தம்பி கொண்டுவந்தான். நகைக்கடை கொடுத்த சுவர்க் கலண்டர்கள் இரண்டு, இந்த வருடத்ததும் போன வருடத்ததும். நான் கனடாவிலிருந்து எடுத்து, சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சொன்ன ஒவ்வொரு நாளிலும் சிவப்புப் பேனையால் 'கா' என்று ஓர் எழுத்து. அதற்கு அடுத்து வந்த வெள்ளியில் 'அர்' என்று இன்னொன்று, பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்த நாள். நேர்த்தி தவறிவிடக் கூடாதென்று குறித்து வைத்திருக்கிறார். பதினாறு மாதத்தில் ஒன்றிரண்டுதான் தவறியிருந்தது.

மறுநாள் காலை டொக்டர் அந்தக் கலண்டர்களைக் கட்டிலில் விரித்து வைத்துப் பேனை முனையால் நாட்களை எண்ணினார். 28. 27. 29. 28. 28. 30. 27. கூட நின்ற இளம் டொக்டர்மாரையும் கூப்பிட்டுக் காட்டினார். யாரும் பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாங்கள் பார்த்ததெல்லாம் தனித்தனிக் காய்ச்சல்கள். அம்மாவின் சுவரில் அது ஒரே காய்ச்சலாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் சந்தேகப்பட்ட நோய்க்கு பீ.எஃப்.ஏ.பீ.ஏ. என்று பெயர். தவணை தவறாமல் வரும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்து நெறி, இந்த நாலின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள். 1987 இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். கிருமியால் வருவதல்ல, அதனால் அன்ரிபயோட்டிக் கேட்காது. இடைப்பட்ட நாட்களில் பிள்ளை நன்றாக இருக்கும், வளர்ச்சி குறையாது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். இதை உறுதி செய்ய ஒரு தனிப் பரிசோதனை கிடையாது, மற்றவற்றையெல்லாம் விலக்கித்தான் சொல்ல வேண்டும். விலக்க வேண்டியதில் முக்கியமானது, ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை ஒருவகை வெள்ளணு அடியோடு இறங்கிப்போகும் நோய். அதற்கு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். "எங்களால் முடிந்ததை இங்கே செய்வோம், மீதியை நீங்கள் அங்கே செய்யுங்கள்" என்றார்.

சொந்தக்காரர் பலரும் கொழும்புக்கு, றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நெருக்கினார்கள். 260 கிலோமீற்றர். டொக்டரிடமே கேட்டேன். இப்போதைக்குத் தேவையில்லை, வெள்ளணு இறங்கினால் தானே அனுப்புவதாகச் சொன்னார். இப்படி நேராகச் சொல்கிற ஒருவர் கிடைத்தபின் எங்களுக்கு அலைச்சல் இல்லாமல் போனது.

ஜூலை 17 இரவு காய்ச்சல் விட்டது, 18 இல் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். அதன்பின் கிளினிக் கொப்பியோடு வாரம் இரண்டு தடவை, மொத்தம் ஏழு தடவை ரத்தம். ஏழும் சரியாக இருந்தது. ஊசி குத்தும்போது கத்துவாள், வெளியே வந்ததும் கோட்டை வாசல் மான்களிடம் போக வேண்டும் என்பாள். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் மான்கள் ஆளுக்குப் பயமில்லாமல் நிற்கும். கச்சான் காற்றில் தலைமயிர் பறக்க அவற்றின் பின்னால் ஓடுவாள். இவளா அந்தப் பிள்ளை என்று இருக்கும்.

துண்டு வெட்டும்போதே டொக்டர் சொல்லியிருந்தார், கணக்குச் சரியென்றால் அடுத்தது ஓகஸ்ட் 10 ஐ ஒட்டி வரும் என்று. 10 ஆம் திகதி மாலை உப்புவெளிக் கடற்கரையில் மணல் கிண்டிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து என் மடியில் தலையை வைத்தாள். பிடரியைத் தொட்டேன். சுட்டது.

அடுத்த நாள் காலையே ஆஸ்பத்திரியில் நின்றோம். ரத்தம், தொண்டைச் சளி இரண்டும் எடுத்து, வேறு தொற்று எதுவும் தெரியவில்லை என்று பார்த்தபின்தான் மருந்து. பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம் குளிசை இரண்டரை, பொடியாக்கித் தேனில் குழைத்து, ஒரே ஒரு தடவை. இந்த நோய்க்கு ஒரு வேளை ஸ்டீரொய்டிலேயே காய்ச்சல் சில மணித்தியாலத்தில் இறங்கும், அப்படி இறங்குவதும் ஓர் அடையாளம் என்றார். தொற்று இருக்கிற பிள்ளைக்கு இது ஆபத்து, நீங்களாகக் கொடுக்கவே கூடாது என்றும் இரண்டு தடவை சொன்னார். பதினொரு மணிக்குக் கொடுத்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு 98.6. இரவு இடியப்பமும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டாள். ஐந்து நாள் கிடக்கிற பிள்ளை.

12 ஆம் திகதி கையில் கடிதம் தந்தார். இரண்டு பக்கம், எல்லா ரத்த முடிவுகளும், கலண்டரிலிருந்து எடுத்த திகதிகளும் நிரையாக. ரொறன்ரோவில் சிறுவர் நிபுணரிடம் ஒக்ரோபரில் இடம் கிடைத்திருக்கிறது. ஸ்டீரொய்டு கொடுத்தால் அடுத்த காய்ச்சல் 28 நாளுக்கு முன்பே வரலாம் என்று சொல்லியிருந்ததால், ஓகஸ்ட் கடைசியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மா போன வருடக் கலண்டரை முழுதாகவும் இந்த வருடத்ததை ஓகஸ்ட் வரைக்கும் கிழித்தும் கடிதத்தோடு சேர்த்துக் கட்டித் தந்தார். செப்டெம்பரிலிருந்து மீதி உவர்மலை வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது, சிவப்புப் பேனை நூலில் கட்டியபடி.