பாப்லரா, வில்லோவா? நஞ்சேறிய மண்ணுக்கு எந்த மரம்

மாசுபட்ட மண்ணை மரம் நட்டுத் தேற்றலாம் என்றதும் முதலில் அடிபடும் பெயர்கள் பாப்லரும் வில்லோவும்தான். இரண்டும் ஒரே குடும்பம். போத்து ஊன்றினால் வேர் பிடிக்கும், வேகமாக வளரும், தண்ணீரை அள்ளிக் குடிக்கும். அதற்காக எதை நட்டாலும் ஒன்றுதான் என்று இறங்கிவிடக் கூடாது. மண்ணில் என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மரம்.

டிரைகுளோரோஎத்திலீன் மாதிரியான கரைப்பான் நிலத்தடி நீரில் பரவியிருந்தால் பாப்லர். அதிகம் யோசிக்க வேண்டாம். வேர் ஆழமாக இறங்கும். உறிஞ்சிய கரைப்பானில் ஒரு பகுதி வேரடி நுண்ணுயிர்களாலும் மரத்தின் திசுவிலும் சிதையும், ஒரு பகுதி தண்டு, இலை வழியே ஆவியாகும். அமெரிக்காவில் ஆர்கான் ஆய்வகத்தில் 1999இல் ஆழ்துளை போட்டு, உறை இறக்கி, அதற்குள் நட்டார்கள். வேர் மழைநீரை நம்பி மேலேயே படராமல் கீழே போக வேண்டும் என்பதற்காக. இலையற்று நிற்கும் மாதங்களில் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும் என்பது ஒரு குறை.

மேல்மண்ணில் காட்மியம் என்னும் நச்சு உலோகமோ துத்தநாகமோ என்றால் என் ஓட்டு வில்லோவுக்கு. (ஈயத்துக்கு இரண்டுமே உதவாது, அது வேரைத் தாண்டி மேலே ஏறுவதே அரிது.) பாப்லரும் காட்மியம் எடுக்கும்தான். ஆனால் புதர் வில்லோவை நெருக்கமாக நட்டு, 3 ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்க விட்டுக்கொண்டே போகலாம். தளிர்க்குமுன் எடுத்த 20 செ.மீ. குச்சிகள், ஹெக்டேருக்கு 10,000க்குக் குறையாமல். மொட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். முதல் ஆண்டு களையை விட்டால் தோட்டம் போச்சு.

சிக்கல் இலையில். ஒரு ஹெக்டேரில் மேல் 25 செ.மீ. மண் சுமார் 3,500 டன். அதில் காட்மியத்தைக் கிலோவுக்கு 1 மி.கி. குறைக்க 3.5 கிலோ காட்மியம் நிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஆண்டுக்கு 10 டன் உலர்ந்த கட்டை, அதில் கிலோவுக்கு 20 மி.கி. என்று வைத்தால் 200 கிராம். பதினேழரை ஆண்டு ஆகும். இலையில் செறிவு பெரும்பாலும் கட்டையைவிட அதிகம். 2.5 டன் இலை, கிலோவுக்கு 40 மி.கி. என்றால் இன்னொரு 100 கிராம். இதையும் எடுத்தால் 12 ஆண்டுக்குள் முடியும். எடுக்காவிட்டால் அந்த 100 கிராம் சருகாகி மேல்மண்ணிலேயே விழும். வேர் ஆழத்திலிருந்து கொண்டுவந்ததும் அதில் சேரும்.

விறகுக்கு வில்லோ வளர்ப்பவர்கள் இலை உதிர்ந்த பிறகு வெட்டுவார்கள். இங்கே உதிருமுன் வெட்ட வேண்டும். அப்போதும் அது வெட்டும் ஆண்டின் இலை மட்டும்தான்; இடைப்பட்ட இரண்டு ஆண்டுச் சருகைத் தனியாக வாரியாக வேண்டும். ஆண்டுதோறும் வெட்டினால் வாரும் வேலை மிச்சம், ஆனால் வேருக்குச் சத்து இறங்குமுன் வெட்டுவதால் அடிக்கட்டை நலிந்து விளைச்சல் சரியும். சருகு வாரும் கூலியையும் விளைச்சல் இழப்பையும் அந்தந்த நிலத்தில்தான் எடைபோட முடியும். எனக்கு 2 ஆண்டுச் சுழற்சி நடுவழியாகப் படுகிறது.

இலையோடு சத்தும் போவதால் உரம் தேவைப்படும். பாஸ்பேட் உரத்திலேயே காட்மியம் இருக்கக்கூடும், சோதித்து வாங்குங்கள். சுண்ணாம்பு வேண்டாம்; மண்ணின் காரத்தன்மை ஏறினால் மரம் காட்மியம் எடுப்பது குறையும். வேலியும் அவசியம், மேய வரும் விலங்கு தளிரோடு காட்மியத்தையும் தின்னும். ஒரே வில்லோவிலும் ரகத்துக்கு ரகம் உறிஞ்சும் அளவு பல மடங்கு மாறும் என்பதால், நாலைந்து ரகங்களை அதே மண் நிரப்பிய தொட்டிகளில் ஒரு பருவம் வளர்த்து, இலையையும் தண்டையும் தனித்தனியே ஆய்வுக்கு அனுப்பிய பிறகே மொத்தமாகக் குச்சி வாங்குங்கள்.

வெட்டிய கட்டையைச் சாதாரண அடுப்பில் எரித்தால் காட்மியம் புகையோடு போய்விடும். புகைச் சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள கொதிகலனுக்கே அனுப்ப வேண்டும்; அந்தச் சாம்பல் வயலுக்குத் திரும்பக் கூடாது.