வின்டி: குளிர் வரும் வழியைக் காட்டும் வரைபடம்

பெரும்பாலான வானிலை செயலிகள் ஊர்ப் பெயர், ஒரு எண், ஒரு மேகப் படம், அதோடு நிறுத்திக்கொள்ளும். வின்டி அப்படி இல்லை. செக் நாட்டில் 2014இல் தொடங்கிய இந்தச் சேவை, வரைபடத்தின் மேல் காற்றை ஓடவிட்டுக் காட்டுவதால் குளிர் எங்கே கிளம்பி எதைத் தாண்டி வருகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

ஜனவரியில் வெப்பநிலைப் படத்தைத் திறந்து நார்வேயின் பெர்கனையும் சைபீரியாவின் யாகுட்ஸ்கையும் பாருங்கள். இரண்டும் 60 டிகிரி வட அட்சரேகையை ஒட்டியவைதான், ஆனால் பெர்கனில் அம்மாதச் சராசரி பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே, யாகுட்ஸ்கில் மைனஸ் 38க்குப் பக்கம். ஒன்றுக்கு அட்லாண்டிக் கடல் வெப்பம் தருகிறது, மற்றதைச் சுற்றிலும் உறைந்த நிலம்.

எனக்கு மிகப் பிடித்தது வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள். கனடாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத ஈரி ஏரியின் நீளவாக்கில் ஓடி, ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் கிழக்குக் கரையில் பனியாகக் கொட்டும். 2022 நவம்பரில் அந்தக் கரையிலுள்ள பஃபலோ நகரின் தெற்குப் புறநகர்களில் சுமார் 2 மீட்டர் கொட்டியது, வடக்கே கொஞ்ச தூரத்தில் அதில் ஒரு சிறு பங்குதான். காற்றின் திசை சற்று மாறினாலே பனிப்பட்டை வேறு ஊர்மேல் போய்விடும். ஜப்பானிலும் இதே கதைதான்: சைபீரியக் காற்று ஜப்பான் கடலில் நனைந்து மேற்குப் பக்கம் பனியை இறக்கிவிடுகிறது, மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் வெயில்.

குறை என்று பார்த்தால் மலைதான். இதில் வரும் ஐரோப்பிய மாதிரி (வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கு) உலகைப் பிரிக்கும் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 9 கிலோமீட்டர், அதற்குள் இருக்கும் சிகரமும் பள்ளத்தாக்கும் ஒரே சராசரி உயரமாகிவிடும். காற்றில்லாத இரவில் கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், மேலே இருப்பதைவிட அடியில் அதிகம் குளிரும், இதைப் படம் பல நேரம் தவறவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 அன்று மலையிறங்கிய சூடான காற்றால் இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. அந்த மாதிரி நுணுக்கத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

இலவசத்தில் மூன்று மணிநேர இடைவெளிதான், மணிக்கு மணி வேண்டுமென்றால் கட்டணம். உலகத்தைப் புரிந்துகொள்ள இலவசமே தாராளம். ஆனால் ஏரிக்கரையில் வண்டி ஓட்டுபவர் என்றால் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அப்புறம் மாதிரிகளை ஒப்பிடும் பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.