‘ஸ்தோத்திரம் பிரதர்’ என்று பேசிய டூர் ஏஜென்ட்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சேகரத்தில், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்துக்கொள்கிறேன். போன மே மாதம் 31 பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனோம். அதில் 12 பேர் பெண் பிள்ளைகள். பொறுப்பாளர்கள் மூன்று பேர். ஏற்பாடு செய்து தந்த ஆள் எங்களை நன்றாக ஏமாற்றினார். கோடை லீவுக்கு வண்டி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள்.

போனை எடுத்ததுமே "ஸ்தோத்திரம் பிரதர்" என்றார். சபைகளுக்கு மட்டும்தான் டூர் போடுவாராம். பேசி முடித்ததும் போனிலேயே ஜெபம் வேறு செய்தார். அந்த ஜெபத்தில் விழுந்தவன்தான் நான். 36 சீட் புஷ்பேக் பஸ் 34,000, பெண் பிள்ளைகளுக்குத் தனி மாடியோடு இரண்டு இரவு தங்க 20,000, கொடைக்கானலுக்குள் போக எடுக்க வேண்டிய இ-பாஸ் அனுமதிக்குத் தலைக்கு 50 வீதம் 1,700. ஆக 55,700 ரூபாய். 25,000 ஜிபேயில் அனுப்பினால் ஏதோ ஒரு பெண் பெயர் காட்டியது. "அம்மா அக்கவுண்ட் பிரதர்" என்றார். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, மார்கழிப் பனியில் பிள்ளைகள் வீடு வீடாகக் கேரல் பாடிச் சேர்த்தது.

கிளம்புகிற இரவு, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டி வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ். பள்ளியின் பெயர் தெரியாமல் மேலே ஒரு ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். "புஷ்பேக் வண்டி பிரேக்டவுன், சமாளிச்சுக்கோங்க பிரதர்." பெற்றோர் டாட்டா காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பிள்ளைகள் ஏறியாயிற்று. நானும் சரி என்றுவிட்டேன். அங்கேயே இறக்கியிருக்க வேண்டும்.

விடியற்காலை வத்தலக்குண்டு தாண்டியதும் ஆர்.டி.ஓ. செக்கிங். பள்ளி பஸ்ஸுக்கு இருப்பது கல்வி நிறுவன பெர்மிட். மாணவர்களை ஏற்றத்தான் அது செல்லும், வாடகைக்கு ஓட்டக் கூடாது. ஃபிளெக்ஸைப் பார்த்ததுமே அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. டிரைவரை விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், மலையில் ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். யாரை நம்பி இத்தனை பிள்ளைகளை ஏத்தினீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. அதற்கப்புறம் டிரைவர் மெதுவாகச் சொன்னார், கொடைக்கானல் மலைப்பாதையில் அவர் ஓட்டுவது அதுதான் முதல் தடவையாம்.

எல்லாரையும் இறக்கி, இரண்டு அரசு பஸ்களில் பிரித்து ஏற்றி மேலே போனோம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸே வேண்டாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இ-பாஸ், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த நடைமுறை. வண்டிக்கு ஒன்று, ஆன்லைனில் நாமே எடுக்கலாம், காசு கிடையாது. 1,700 ரூபாயை எதற்கு வாங்கினார் என்று இன்று வரை தெரியவில்லை.

தங்குமிடத்தில் அவர் சொல்லி வைத்திருந்தது மூன்றே அறை, அதற்கும் பணம் கட்டவில்லை. நாங்களே கட்டிப் பெண் பிள்ளைகளை அங்கே விட்டோம். பையன்களுக்கு அங்கிருந்த ஒரு சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோவில்பிள்ளை ஹாலைத் திறந்துவிட்டு, கட்டன் சாயாவும் போட்டுத் தந்தார். முன்பின் தெரியாத மனிதர். ஒரு பைசா வாங்கவில்லை.

வண்டி விஷயத்தில் நான் செய்யாமல் விட்டது பெரிய வேலை இல்லை. பதிவு எண்ணை முன்கூட்டியே வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் அது என்ன வகை வண்டி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டிவிடும். அதே எண் வாசலில் வந்து நின்ற பிறகு மீதிப் பணம். மஞ்சள் நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாதீர்கள், பள்ளி பஸ்ஸுக்கும் மஞ்சள்தான்.

போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றால் கமிட்டியில் பாதிப் பேர் "சாட்சி கெட்டுப்போகும்" என்றார்கள், அதாவது வெளியே நமக்குக் கெட்ட பெயர் வருமாம். ஏமாற்றியவன் சாட்சி கெடாதாம், கேட்டால் நம் சாட்சி கெடுமாம். கடைசியில் நானும் இன்னொரு பொறுப்பாளரும் போய்ப் புகார் கொடுத்தோம். 8,000 ரூபாய் திரும்ப வந்தது, அதோடு போன் சுவிட்ச் ஆஃப்.

போன வாரம் பக்கத்துச் சேகரத்துத் தம்பி ஒருவன் கூப்பிட்டு, "அண்ணே, சபைகளுக்கு மட்டும் டூர் போடுற ஒரு பிரதர் கிடைச்சிருக்கார்" என்றான். நம்பர் வேறு, ஜிபேயில் அதே அம்மா பெயர். அனுப்பாதே என்றேன். காலையிலேயே 10,000 அனுப்பிவிட்டானாம்.