பழவேற்காட்டில் படகுச் சவாரி என்று முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள்

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை குடும்பத்தோடு பழவேற்காட்டுக்குப் போனோம். போன இடத்தில் 9,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு இரவோடு இரவாக அம்பத்தூர் திரும்பினோம். சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கி வைத்த பணம், வயிறு எரிகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. ஏறவே கூடாத ஒரு படகில் என் ஆறு வயது மகளை நானே தூக்கி உட்கார வைத்தேன். இதைப் படிக்கும் இன்னொரு அம்மா அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாமனாருக்குக் கூட்டம் ஆகாது. ஊட்டி, ஏற்காடு என்றாலே வேண்டாம் என்பார். பக்கத்திலேயே அமைதியாக ஏரிக்கரையில் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நான்தான் பழவேற்காட்டைச் சொன்னேன். சென்னையிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அது. ஆனாலும் நல்ல விடுதியோ, சுற்றுலாத் தகவல் சொல்ல ஒரு ஆளோ சுலபத்தில் கிடைப்பதில்லை. இப்படி யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இந்த ஏஜென்ட்டுகள் நுழைகிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஏரியில் இரண்டு மணி நேரம் படகு, பூநாரைக் கூட்டத்தைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம், மதியம் நண்டுக் குழம்போடு சாப்பாடு, இரவு ஏரியைப் பார்த்த மாதிரி வீட்டில் தங்கல். பெரியவர்களுக்கு 2,500, பிள்ளைகளுக்கு 1,000. நாங்கள் நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், மொத்தம் 12,000. பாதியை முன்பணமாக யூபிஐயில் போடச் சொன்னான் அந்தப் பக்கத்தை நடத்தும் ஏஜென்ட். போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். பழவேற்காட்டில் படகுக்குத் தடை என்று கேள்விப்பட்டிருக்கிறேனே என்றேன். அவன் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. "மேடம், அதெல்லாம் பழைய கதை. இப்ப எல்லாம் பர்மிஷனோடதான் ஓடுது. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டு. ஏரி முழுக்க இடுப்பளவு தண்ணிதான், பயப்படாதீங்க."

அந்தப் பழைய கதை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பிள்ளைகள் உட்பட. அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. எனக்கு இது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் அவன் பேச்சை நம்பிப் பணம் போட்டேன்.

ரெட்ஹில்ஸ், காரனோடை, தச்சூர், பொன்னேரி வழியாகக் காலை ஒன்பதரைக்கெல்லாம் பழவேற்காட்டை நெருங்கிவிட்டோம். அப்போது போன் வந்தது. "பாலத்துகிட்ட வண்டிய நிறுத்தாதீங்க, போலீஸ் நிக்கறாங்க. லொகேஷன் அனுப்பறேன், அங்க வந்துடுங்க." என் கணவர் வண்டியை ஓரம்கட்டி, "பர்மிஷன் இருந்தா போலீஸுக்கு எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள், போய்த்தான் பார்ப்போமே என்று சொன்னது நான். நீங்கள் இப்படி எங்காவது மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுங்கள். வேறு எந்த அடையாளமும் தேவையில்லை.

லொகேஷன் எங்களை இறால் பண்ணைகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் கொண்டுபோய் விட்டது. அங்கே படித்துறை கூட இல்லை, சேற்றில் இரண்டு ஃபைபர் படகுகள் கிடந்தன. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாத ஒரு பையன் வந்து, டீசலுக்கும் ஜாக்கெட் வாடகைக்கும் 3,000 தனி என்றான். பேசியதில் அது இல்லையே என்றேன். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கையில் இருந்த ரொக்கத்தைக் கொடுத்தோம்.

ஆறு பேருக்கு நான்கு ஜாக்கெட் வந்தது. நான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம் வெளிறிப் பழுப்பாகியிருந்தது. ஓரத்தில் தையல் விட்ட இடத்தில் விரலை வைத்ததும் உள்ளே இருந்த நுரை மாவு மாதிரி உதிர்ந்தது. முன்னால் கொக்கி இல்லை, வலை நூலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எல்லாமே பெரியவர்கள் அளவு. என் மகளுக்கு மாட்டிவிட்டு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால், ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிக் காதை மூடியது. குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவினாள். தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் நான் அவளைப் படகில் உட்கார வைத்தேன். அந்தப் பையன் "நெனைவுக்கு இருக்கட்டும்க்கா" என்று தன் போனில் பிள்ளைகளைப் படம் எடுத்தான். அதற்குள் இன்னொரு குடும்பமும் வந்து சேர்ந்தது, ஏழு பேர். நாலைந்து பேர் மீன்பிடிக்கப் போகிற படகில் படகோட்டியையும் சேர்த்துப் பதினான்கு பேர்.

எங்களைக் காப்பாற்றியது கரையில் உட்கார்ந்து வலைக்கிழிசல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அதுவரை நிமிர்ந்து பார்க்காதவர், எஞ்சினை இழுக்கும் நேரத்தில் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். "எம்மா, அந்தக் கொழந்தைய எறக்கு. இவன் உங்கள முகத்துவாரம் வரைக்கும் இட்டுனு போவான். அங்க தண்ணி இழுக்கும். நாங்களே பாத்துதான் போவோம். அன்னைக்கு அத்தன பேர கரையில கெடத்துனப்ப நான் இங்கதான் நின்னேன்." பையன் அவரைப் பார்த்து ஏதோ கத்தினான். பெரியவர் நகரவில்லை, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

முதலில் இறங்கியது என் மாமனார். முழங்கால் வலிக்காரர், யாரும் கை கொடுப்பதற்குள் சேற்றில் இறங்கிப் பேத்தியை வாங்கிக்கொண்டார். பிறகு நாங்கள் எல்லோரும் இறங்கினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்களா எறங்கினா நான் என்ன பண்றது" என்று படகைத் தள்ளிவிட்டான்.

இன்னொரு குடும்பம் இறங்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கட்டின பணம் போகுமே என்றார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. ஒரு மணி பத்து நிமிடம் கரையிலேயே நின்றேன். திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம் இல்லை, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடுவில் மணல் தட்டி எஞ்சின் நின்றுவிட்டதாம். ஒரு பறவையைக் கூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை என்றார் அந்த வீட்டு அம்மா. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"இடுப்பளவு தண்ணிதான்" என்று அவன் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரம் அப்படியில்லை. அங்கே மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஏற்றவற்றத்தோடு நீரோட்டமும் மாறும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே கணக்குப் பார்த்துக் கடக்கிற இடம் அது. ஒரு மீட்டர் தண்ணீரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு மூக்குவரை வரும். வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் 2023 மே 7 அன்று ஆற்றுக் கழிமுகத்தில் உல்லாசப் படகு கவிழ்ந்து இறந்தவர்களும் 22 பேர். அங்கேயும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிச் செய்ததுதான் என்று செய்தி வந்தது. படிக்கும்போது அந்த ஜாக்கெட்டின் நுரை உதிர்ந்தது விரலில் தெரிந்தது.

தங்கும் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் கொடுத்த முகவரியில் வீடு இருந்தது, பூட்டியிருந்தது. ஏரி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், வாடகைக்கே விடுவதில்லை, இப்படிக் கேட்டு வரும் மூன்றாவது குடும்பம் நீங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்குப் பிறகு ஏஜென்ட் போன் அணைந்தே இருந்தது. திங்கட்கிழமை சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். அதற்குள் பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. சனிக்கிழமையே, அந்தச் சேற்றில் நின்றபடியே அழைத்திருந்தால் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் அழைப்பதுதான் முக்கியம். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கு 1093 என்ற இலவச எண் இருக்கிறது. ஆபத்தான படகைப் பார்த்தால் அதில் சொல்லலாம். அது எனக்கு அன்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த இன்னொரு குடும்பத்துக்காக அழைத்திருப்பேன்.

அவன் அனுப்பிய படங்களை இப்போது திரும்பப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. பூநாரைகளுக்குப் பின்னால் பச்சையாக மலை நிற்கிறது. பழவேற்காட்டுக் கரையை ஒட்டி மலை ஏது? என் பதினொரு வயது மகன் இதைக் காரில் வரும்போதே கேட்டான், நான் காதில் வாங்கவில்லை. பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் நின்று அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அலசித் தின்பவை. எஞ்சின் சத்தத்தோடு நெருங்கினால் கூட்டமே எழுந்துவிடும். பத்தடியில் காட்டுகிறேன் என்று எவன் சொன்னாலும் பொய். அவற்றைப் பார்க்க ஆசை இருந்தால் ஆந்திரா பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரிக்கு நடுவிலேயே போகிறது. குளிர்காலத்தில் அந்தச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். நல்ல பைனாகுலர் ஒன்று போதும், யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

பழவேற்காட்டுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு நாங்களாகவே நடந்தோம். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது வெறும் புதர்தான். ஆனால் அவர்கள் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளைப் பார்த்து மகன் அசந்துபோய் நின்றான். பனை ஓலையில் கூடை பின்னும் பெண்களிடம் மாமியார் இரண்டு கூடை வாங்கினார். வீட்டில் கட்டுகிற பாளையக்காட் லுங்கிக்கு இந்த ஊர்ப் பெயர்தான் என்று தெரிந்ததும் மாமனாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த ஊர்க்காரர்கள் யாரும் எங்களிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. ஏமாற்றியவன் வெளியிலிருந்து போனில் வியாபாரம் செய்கிறவன். வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவருக்குச் சாயங்காலம் நன்றி சொல்லப் போனோம். டீக்குக் கூடக் காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

இவ்வளவு நாள் கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் என் அலுவலகத் தோழி ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். "இங்க போலாமா?" என்று கேட்டிருந்தாள். பக்கத்தின் பெயர் புதிது, போன் எண் புதிது, அதே 2,500. மேலே பெரிதாக ஒரு படம். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், காதுவரை ஏறிய ஆரஞ்சு ஜாக்கெட்டோடு படகில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கீழே "குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது" என்று எழுதியிருக்கிறது.

அது என் மகள். அந்தப் பையன் அன்று எடுத்த படம். புகாரில் இதையும் சேர்த்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை நீக்கவும் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் வரை நீக்கவில்லை. அந்தப் படம் உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படகில் அவள் உட்கார்ந்திருந்தது ஐந்து நிமிடம், அதுவும் கரையில்.