மறதி நோய்க்கு எம்.ஆர்.ஐ.யா, ஸ்பெக்ட் ஸ்கேனா?

குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து பெரியவர்களை வேலூருக்குக் கூட்டி வருகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள்.

எதைக் காட்டும்?
எம்.ஆர்.ஐ.: மூளையின் உருவம். சுருக்கம், பழைய பக்கவாதம், கட்டி, ரத்தக்கட்டு.
ஸ்பெக்ட்: ரத்த ஓட்டம். அல்சைமரில் பொட்டுப் பக்கமும் பின்மேல் பகுதியும் படத்தில் மங்கும். நடத்தை மாறும் ஃப்ரான்டோடெம்போரல் வகை மறதி நோயில் நெற்றிப் பக்கம் மங்கும்.

கதிர்வீச்சு?
எம்.ஆர்.ஐ.: கிடையாது.
ஸ்பெக்ட்: டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் போடுவார்கள். கொஞ்சம் உண்டு, 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

சிரமம்?
எம்.ஆர்.ஐ.: காதைப் பிளக்கும் சத்தம். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.
ஸ்பெக்ட்: ஊசி போடும் நேரத்தில் மங்கலான அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். “அப்பா, வலிக்குதா?” என்று நாம் பேச்சுக் கொடுத்தால்கூட மூளையில் ஓட்டம் மாறி, அது படத்தில் பதியலாம். பாசத்தைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவையுங்கள்!

எங்கே?
எம்.ஆர்.ஐ. ஊருக்குள்ளேயே பல சென்டர்களில் உண்டு. ஸ்பெக்டுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை போல அணு மருத்துவத் துறை உள்ள இடம் வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை, அப்புறம் எம்.ஆர்.ஐ. பலருக்கு அதுவே போதும். அதன் பிறகும் அல்சைமரா, ஃப்ரான்டோடெம்போரலா என்று டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் மட்டும் ஸ்பெக்ட்.