30 நாள் 'வீட்டு பிசியோ' பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் குடும்பம். 44 வயதுக்காரர் பைபாஸில் டூவீலரிலிருந்து விழுந்து தலையில் அடி. மூளையின் இடப்பக்கம் ரத்தக்கட்டு. மண்டையோட்டில் ஒரு பகுதி எலும்பை எடுத்து ஆபரேஷன் செய்து, எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாளே ஒரு ஆள் போனில் வந்தார். "முதல் மூணு மாசந்தானுங்க்கா கோல்டன் பீரியட். அதுக்கப்புறம் நரம்பு மூடிக்குமுங்க." 30 நாள் வீட்டு பிசியோ, நாளுக்கு 1,200 ரூபாய், மொத்தம் 36,000. முழுப் பணமும் முன்கூட்டி, ஜீபேயில். பில் கிடையாது. நிறுவனத்தின் பெயரை நாங்கள் இங்கே போடவில்லை; அடுத்த மாதம் போர்டில் வேறு பெயர் இருக்கும்.

முதல் பொய் அந்த மூணு மாசம். தலையில் அடிபட்டபின் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன்பின் கதவு சாத்திக்கொள்ளும் என்பது இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் தாண்டியும் பயிற்சிக்குப் பலன் கிடைப்பதுண்டு. அவசரப்படுத்துவது பணத்துக்காக.

இனி, தினமும் வந்து செய்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைப் பாருங்கள். 20 நிமிடம் கரண்ட், 15 நிமிடம் மெழுகு ஒத்தடம், 10 நிமிடம் வைப்ரேட்டர், மிச்ச நேரம் கையையும் காலையும் பிடித்து இழுத்து மடக்குவது. நோயாளி மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 30 நாளில் அவராக ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. எங்களைக் கேட்டால் மோசடியே இதுதான். அடிபட்ட மூளை ஒரு அசைவைத் திரும்பக் கற்க வேண்டுமென்றால், அந்த அசைவுக்கு நோயாளிதான் முயற்சி பண்ண வேண்டும், ஒரு நாளில் எத்தனையோ தடவை. மெஷின் ஓடுகிற நேரம் பயிற்சி நேரம் ஆகாது.

கரண்ட் வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அவர் கொண்டுவந்த பெட்டி டென்ஸ். அது வலி குறைக்கிற மெஷின், செயலிழந்த தசையை வேலை வாங்குவதற்கானது அல்ல. அதிலும் கரண்ட் பாயும் பேட் ஒட்டியது முன்கையின் உள்பக்கம், அதாவது விரலை மடக்கும் தசையின் மேல். ஏற்கெனவே மடங்கி இறுகிவரும் கை அது. தசையைத் தூண்டும் மெஷின்தான் வைக்க வேண்டும், வெளிப்பக்கம், மணிக்கட்டைத் தூக்கும் தசையில். கரண்ட் வரும் அதே நொடியில் நோயாளியும் மணிக்கட்டைத் தூக்கப் பார்க்க வேண்டும். பேடை ஒட்டிவிட்டு வாட்ஸ்அப் பார்ப்பவரிடம் இது நடக்காது. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னதும் இதே கதைதான்: மடக்குகிற தசைக்கு மட்டும் வேலை. விரலைத் திறக்கத்தான் பழக வேண்டும், டம்ளரைப் பிடித்து விடுவது மாதிரி.

மெழுகு 50 டிகிரிக்கு மேல் சூடு. அந்தக் கையில் உணர்ச்சி குறைவு. இரண்டாம் வாரம் புறங்கையில் கொப்புளம். ஐஸ் தண்ணீர், வெந்நீர் இரண்டையும் தனித்தனி டம்ளரில் எடுத்து, அந்தக் கையில் தொட வைத்து எது சூடு என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பெரிய சேதம் தோளில். செயலிழந்த கையின் பாரத்தைத் தாங்க தசை இல்லாதபோது, மேற்கை எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கும். தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் வைத்துப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். இந்த நிலையில் கதவு நிலையில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து, வராத கையை மேலே தூக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அது எலும்புக்கு இடையில் தசைநாரை நசுக்கும். வீட்டம்மா கேட்டிருக்கிறார்: "ஏனுங்க சார், தோள் கழண்ட மாதிரி தொங்குதுங்களே?" பதில்: "அப்படித்தானுங்க்கா இருக்கும், நரம்பு தொறக்குது. வலிச்சாத்தானுங்க சரியாகும்." வலித்தால் நிறுத்த வேண்டும். அந்தக் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கவே கூடாது, தோள்பட்டை எலும்பைக் கூடவே நகர்த்தி, கையை வெளிப்புறமாகத் திருப்பித் தூக்கத் தெரிந்தவர் தவிர. அக்குளில் கைகொடுத்து ஆளைத் தூக்குவதும் வேண்டாம். உட்காரும்போது மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வைத்தால் பாதிப் பிரச்சனை தீரும்.

முழங்கைக்கு வருவோம். நாலாம் வாரம் அது சிவந்து, சூடாக, வீங்கி இருந்தது; நாளுக்கு நாள் நீட்டுவது குறைந்தது. அவர் இன்னும் அழுத்தி நீட்டினார். தலைக்காயத்துக்குப் பின் மூட்டைச் சுற்றித் தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்வதுண்டு. இடுப்பிலும் முழங்கையிலும் அதிகம். சூடு, வீக்கம், அசைவு குறைவது மூன்றும் சேர்ந்தால் பலவந்தமாக நீட்டுவதை அன்றே நிறுத்தி எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு கூடியிருக்கலாம். இவருக்கு எக்ஸ்ரே எடுத்தது பணம் தீர்ந்த பிறகு.

இதைவிட நெஞ்சைப் பதறவைத்தது வேறு. அவரை நிற்க வைத்துப் பார்க்க இடுப்பில் கட்டிய பெல்ட்டை, வயிற்றில் எலும்பு வைத்துத் தைத்த இடத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். தலையில் எலும்பு இல்லாத பக்கத்துக்கு ஹெல்மெட் கிடையாது. வலிப்பு மாத்திரை போடுகிறாரா என்று 30 நாளில் ஒருவரும் கேட்கவில்லை. திடீரென்று தூக்கம் கூடினாலோ, வாந்தி வந்தாலோ, நேற்று செய்ததை இன்று செய்ய முடியாமல் போனாலோ பயிற்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை.

சரியான ஒரு மணி நேரம் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். உட்கார்ந்து எழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக் கட்டில் ஆகாது, குழிந்துவிடும். கைப்பிடி உள்ள கனமான சேரைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே பவானி ஜமக்காளத்தை நாலைந்து மடிப்பாக வைத்து, உட்காரும் உயரத்தை 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு குதிகாலும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். வராத கால் இன்னும் கொஞ்சம் பின்னால், அப்போதுதான் பாரம் அதில் இறங்கும். மூக்கு கால்விரலைத் தாண்டும் வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். உதவுகிறவர் வராத பக்கம் உட்கார்ந்து முழங்காலை முன்னாலிருந்து தாங்கினால் போதும், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஐந்து ஐந்தாகத் தொடங்கி நாளுக்கு 50 தடவை. சிரமமில்லாமல் வந்ததும் ஜமக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தலை சுற்றினால் உட்கார வையுங்கள்.

வீட்டுக்கு வருபவரிடம் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டச் சான்றிதழைக் கேளுங்கள். அது பல வருடப் படிப்பு, கடைசியில் பயிற்சிக் காலமும் உண்டு. இங்கே வந்தவர் மூன்று மாத மசாஜ் கோர்ஸ் முடித்தவர். முதல் நாள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்காமல், அளவு எதுவும் எழுதாமல் மெஷினை மாட்டுகிறவரை அன்றே அனுப்பிவிடலாம். முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது, ஐந்து தடவை எழ எத்தனை நொடி ஆகிறது என்று நோட்டில் இல்லாவிட்டால் "இம்ப்ரூவ்மென்ட் இருக்குங்க" என்பதற்கு அர்த்தமே இல்லை. பணத்தை வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

வசதி இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, கட்டணம் இல்லை. கோவை அரசு மருத்துவமனை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி இரண்டிலும் நேரில் போயும் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லையென்றாலும் ஜீபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் கொடுத்த நோட்டீஸ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பல்லடத்துக் குடும்பத்திடம் ஜீபே பதிவு மட்டும்தான் மிச்சம். வாட்ஸ்அப்பில் தான் அனுப்பியதையெல்லாம் அந்த ஆள் அப்போதைக்கப்போது 'எல்லாருக்கும் டெலிட்' போட்டிருக்கிறார்.